உன் ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது

அன்புள்ள செந்தில்,

தீபாவளிக்கு நீ அனுப்பியதற்கே பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் சட்டைக் கறையெல்லாம் இப்போது கண்ணில் படுகிறதாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்ட் மெஷின்களை அணைக்க நீ எழுதிவைத்த பவர்சிஎல்ஐ (விஎம்வேர் மெஷின்களைக் கட்டளையால் நடத்தும் கருவி) ஸ்கிரிப்ட் போன வாரம், நிஜ வேலை நடக்கிற ப்ரொடக்‌ஷனில் ஓடிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் காலையிலிருந்து ப்ரொடக்‌ஷன் விசென்டரில், அதாவது அந்த மெஷின்களையெல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சர்வரில், ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தான். அதே விண்டோவில் உன் ஸ்கிரிப்டையும் தட்டியிருக்கிறான். முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறாய்? இப்போது எந்த விசென்டரோடு கனெக்ட் ஆகியிருக்கிறோம் என்று காட்டும் டிஃபால்ட்விஐசர்வர் வேரியபிள் காலியாக இருந்தால் மட்டும் டெஸ்ட் விசென்டருக்குக் கனெக்ட் பண்ணு என்று. அதுதான் காலியாக இல்லையே! அந்த வரியைத் தாண்டிப் போய், 'டெம்ப்' என்று பேர் ஆரம்பிக்கிறதையெல்லாம் ஸ்டாப்-விஎம் கட்டளை அணைத்துவிட்டது. அணைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கும். நீதான் கன்ஃபர்ம் ஃபால்ஸ் போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறாயே.

ப்ரொடக்‌ஷனில் 'டெம்ப்' ஏது என்கிறாயா? கேன்டீன் டோக்கன் மெஷின். மூர்த்தி அண்ணன் "ரெண்டே வாரம்" என்று சொல்லி ஏற்றினாரே, அதேதான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வேறு. பாஸ்கர் கத்தியது உனக்கே கேட்டிருக்கும்.

உடனே அண்ணன் ஒரு வைத்தியம் பார்த்தார்: டிஃபால்ட்விஐசர்வரின் பேர் டெஸ்ட்தானா என்று பார்த்துவிட்டு மேலே போகச் சொன்னார். எனக்கு அதில்தான் பயமே. ஒரே நேரத்தில் பல விசென்டர்களோடு கனெக்ட் ஆக விடும் மல்டிபிள் மோடில் அந்த ஒருமை வேரியபிளில் தெரிவது கடைசியாகக் கனெக்ட் ஆனது மட்டும். பின்னால் ப்ரொடக்‌ஷனும் திறந்தே கிடக்கும், பேர் டெஸ்ட் என்று சரியாகவே வரும். சர்வர் சொல்லாமல் கெட்-விஎம் கட்டளையால் மெஷின் பட்டியல் கேட்டால் இரண்டிலிருந்தும் அள்ளிக்கொண்டு வரும். பார்க்கவேண்டியது பன்மையில் இருக்கும் டிஃபால்ட்விஐசர்வர்ஸ் பட்டியலை. அதில் ஒன்றே ஒன்று இருக்கவேண்டும், அது டெஸ்டாகவும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே நிற்கட்டும். அதோடு ஒவ்வொரு கட்டளையிலும் சர்வர் பேரைக் கொடுத்தே தீரவேண்டும் என்று சண்டை போட்டு மாற்றவைத்தேன்.

அப்புறம், கனெக்ட் ஆகியிருக்கிறதா என்று காட்டும் இஸ்கனெக்டட் ட்ரூ என்று வந்துவிட்டால் போதும் என்று ஒரு கூட்டம். வேலையே இல்லாத செஷனை விசென்டர் வழக்கமாக 30 நிமிடத்தில் வெட்டிவிடும். நம் விண்டோவில் மட்டும் ட்ரூ என்றே இருக்கலாம். உயிர் இருக்கிறதா என்று தெரிய சர்வரிடமே எதையாவது கேட்கவேண்டும். நான் விசென்டரின் சர்வீஸ்இன்ஸ்டன்ஸ் என்ற ஆப்ஜெக்டிடம் மணி கேட்கிறேன். பதில் வராமல் எரர் வந்தால் மறுபடி கனெக்ட். முடிந்ததும் டிஸ்கனெக்ட்-விஐசர்வர். திறந்ததை மூடுகிற பழக்கம் உனக்கு டிபன் பாக்ஸிலேயே கிடையாது, விடு.

கேலி போதும். பையனிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் கன்ஃபர்மேஷன்கூட வரவில்லை. நேற்று டீக்கடையில் டம்ளரைத் தொடாமலே உட்கார்ந்திருந்தான். அவன் தட்டியது நாம் எல்லாரும் வருஷக்கணக்கில் தட்டிய அதே ஸ்கிரிப்ட். நீ எழுதியபோது நமக்கு இருந்தது ஒரே விசென்டர். கனெக்‌ஷன் இருக்கிறதா என்று கேட்டாலே போதும். ப்ரொடக்‌ஷனைத் தனியாகப் பிரித்தபோது ஒருவரும் அந்த வரியைத் திறந்து பார்க்கவில்லை. இதை நான் சொன்னால் பையனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்கிறார்கள்.

பவர்சிஎல்ஐக்கு விஐ டூல்கிட் என்று பேர் இருந்த காலத்து ஆள், எழுதியவன், நீயே சொன்னால் எடுபடும். அந்த வரி எதற்காக, எந்த நிலைமையில் எழுதியது என்று நாலு வரி மெயில் போடு. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் அவன் விளக்கத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். அங்கே உன் புது ஆபீசிலும் இதே ஸ்கிரிப்டை வைத்திருந்தால், முதலில் அதைத் திருத்திவிட்டு மெயில் எழுது.

அன்புடன்,
குமார்