ராமேஸ்வரம் அறை வாடகையும் உத்தரவில் விடுபட்ட கவுன்ட்டரும்

இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் கவனத்திற்கு,

வணக்கம். ராமேஸ்வரம், பாம்பன், தேவிபட்டினம் பக்கம் யாத்ரீகர்களை நம்பி சிறிய லாட்ஜ் நடத்துவோருக்காக இதை எழுதுகிறோம்.

2022 அக்டோபர் 19 அன்று, ஆன்லைனில் அறை முன்பதிவு செய்யும் மேக்மைட்ரிப்-கோஐபிபோ மீது 223.48 கோடி ரூபாயும், ஓயோ மீது 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தீர்கள். மேக்மைட்ரிப்-கோஐபிபோ விடுதிகள் மீது போட்ட ரேட் பேரிட்டி நிபந்தனையை, அதாவது தன் தளத்தைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் அறை கொடுக்கக்கூடாது என்பதை, நீக்கவும் சொன்னீர்கள். நல்ல உத்தரவு. ஆனால் நீக்கச் சொன்னது பிற முன்பதிவுத் தளங்களைப் பொறுத்த நிபந்தனையை மட்டும்தான். லாட்ஜின் சொந்தக் கவுன்ட்டர் அதில் விடுபட்டுப் போனது.

இங்கே பணம் போவது அந்த இடத்தில்தான். தளத்தில் ஓர் அறை 2,000 ரூபாய், கமிஷன் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 400, அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 72. லாட்ஜுக்கு நிற்பது 1,528. அதே அறையைக் கவுன்ட்டரில் 1,700-க்குக் கொடுத்தால் யாத்ரீகருக்கு 300 மிச்சம், லாட்ஜுக்கு 172 கூடுதல். இதைத் தடுக்கத் தளத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடத் தேவையில்லை. தேடுவோருக்குக் காட்டும் பட்டியலில் அந்த லாட்ஜைப் பத்தாவது இடத்திலிருந்து அறுபதாவது இடத்துக்கு இறக்கிவிட்டால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் மிகப் பெரிய தளங்கள், பிற தளம், விற்பவரின் சொந்தத் தளம் இரண்டிலும் இந்த விலைத் தடையைப் போடக்கூடாது என்கிறது. பிரான்ஸ் 2015-லேயே விடுதிகளுக்கு விலைச் சுதந்திரம் கொடுத்துவிட்டது.

அடுத்தது டேட்டா. தை அமாவாசை இரவுக்கு எத்தனை பேர் தேடினார்கள், எந்த விலையைப் பார்த்ததும் விலகினார்கள் என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியும். லாட்ஜுக்குத் தெரிவது வந்து தங்கியவர் கணக்கு மட்டும். ஐந்தாறு வருட ரிவ்யூவும் மதிப்பெண்ணும் தளத்தோடு நின்றுவிடும். வேறு தளத்துக்குப் போனால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். தளத்தின் பிடி இதில்தான் இருக்கிறது, கமிஷன் அதன் விளைவு. சந்தைப் பங்கை மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது. போட்டிச் சட்டத்தின் 19(4) பிரிவு நுழைவுத் தடைகளையும் நுகர்வோரின் சார்பையும் பார்க்கச் சொல்கிறதே, அதை இங்கே முழுதாகப் பயன்படுத்துங்கள்.

பட்டியல் இறக்கத்தை நிரூபிப்பது கடினம். விலையை மாற்றும் முன்னும் பின்னும் ஒரே தேதிக்கு, ஒரே நேரத்தில், லாகின் செய்யாத போனில் தேடி, இடத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். ஆனால் ஒரே லாட்ஜின் பதிவு போதாது. ரத்தான முன்பதிவாலும் ரிவ்யூவாலும்கூட இடம் மாறும், தளம் அதையே காரணம் காட்டும். பத்துப் பதினைந்து லாட்ஜ்கள் வெவ்வேறு நாளில் செய்து பார்த்த பதிவும், தளத்தின் உள் தரவரிசைக் கோப்பும் சேர வேண்டும். அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, உங்களுக்கும் விசாரணை நடத்தும் உங்கள் தலைமை இயக்குநருக்கும் உண்டு.

12 அறை லாட்ஜ் தன் பெயரில் புகார் தராது. மறுவாரமே பட்டியலில் காணாமல் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. 19(1) பிரிவின்படி ஆணையமே தானாக வழக்கை எடுக்கலாம். சென்னை மண்டல அலுவலகத்திலிருந்து இருவரை அனுப்பி, ராமேஸ்வரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பெயர் மறைத்து வாக்குமூலம் வாங்குங்கள்.

மேற்சொன்ன வழக்கில் 2019 அக்டோபரில் விசாரணைக்கு உத்தரவு, 2022 அக்டோபரில் தீர்ப்பு. மூன்று ஆடி அமாவாசை அதற்குள் போயிற்று. இம்முறை 33-வது பிரிவில் இடைக்கால உத்தரவு போட்டு, கவுன்ட்டர் விலைக்காகப் பட்டியலில் இறக்குவதை விசாரணை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ராமேஸ்வரம் வட்டார லாட்ஜ் நடத்துவோர்