நான்காவது சீசனைக் கைவிட்ட திரைப்பட வட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். மூன்று மாதங்களாக ஞாயிறுதோறும் நீங்கள் திரையிட்டுவந்த, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் காவல்துறையையும் போதைப்பொருள் கும்பல்களையும் காட்டும் ‘தி வயர்’ தொலைக்காட்சித் தொடரை ஒரு வாரமும் தவறாமல் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சென்ற ஞாயிறு இரண்டு பேருந்து மாறி வந்து அமர்ந்தபோது, நான்காவது சீசன் பள்ளிக்கூடக் கதை என்பதால் விறுவிறுப்பிராது என்று அறிவித்துவிட்டு, முந்தைய சீசன்களின் துப்பாக்கிச்சூட்டுக் காட்சிகளை ஒட்டிய 40 நிமிடத் தொகுப்பைக் காட்டினீர்கள். கைதட்டலும் கிடைத்தது.

பால்டிமோர் எப்படி உதிர்கிறது என்பதை 2006இல் வெளியான அந்த 13 பகுதிகளைவிட நெருங்கிச் சொன்னது அத்தொடரில் வேறில்லை. உடையின் நாற்றத்துக்காகச் சக மாணவர்கள் ஒதுக்கும் டூக்கியை, காவல் பணியை விட்டுக் கணக்கு ஆசிரியராக வந்த பிரெஸ் பள்ளியிலேயே குளிக்கவைக்கிறார்; துணியையும் துவைத்துத் தருகிறார். பையன் கணினியில் தேறிவரும் வேளையில், ஆண்டின் நடுவிலேயே அவனை உயர்நிலைப் பள்ளிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பள்ளியின் படிவரை போய்விட்டுத் திரும்பிவிடுகிறான். அதில் ஒரு துப்பாக்கியும் இல்லை.

பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்குள் பிணங்கள் இருப்பதை துப்பறியும் காவலர் லெஸ்டர் ஃப்ரீமன் கண்டறிந்து, வாசல்களை அடைத்த பலகைகளைப் பெயர்க்க அனுமதி கேட்கிறபோது, தீர்க்கப்படாத கொலைகள் கூடி ஆண்டுக் கணக்கு கெடும் என்று மேலதிகாரி மறுக்கிறார். தேர்வு விழுக்காட்டுக்காகப் பாடத்தை ஒதுக்கிவைக்கும் பள்ளியும் அதே கணக்கைத்தான் போடுகிறது. கொலை வழக்குகளைத் துப்பறிந்துவிட்டுப் பிறகு அந்நகரப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்த, இத்தொடரை எழுதியவர்களில் ஒருவரான எட் பர்ன்ஸ், இரண்டையும் உள்ளிருந்து பார்த்தவர் என்பதை உங்கள் முதல் நாள் துண்டறிக்கையே சொல்லியது.

ஆகவே நான்காவது சீசனை முழுமையாகத் திரையிடுங்கள். விறுவிறுப்பே அளவுகோல் என்றால், துறைமுகத் தொழிலாளர் வரும் இரண்டாவது சீசனை ஏன் காட்டினீர்கள்? நாளிதழ் அலுவலகம் வரும் ஐந்தாவதையும் வெட்டிவிடலாமே. வெடிச்சத்தம் மட்டும் போதுமென்பவர்களுக்குத் திரைப்பட வட்டம் எதற்கு, தீபாவளிக் கடையில் கேப் துப்பாக்கி மலிவாகவே கிடைக்கிறது.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். வரும் ஞாயிறு நான்காவது சீசனை முதல் பகுதியிலிருந்து, வெட்டின்றித் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரவு 9.15க்குள் முடித்தால் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பின்வரிசையில் அமரும் ஓய்வுபெற்ற கணக்காசிரியன்