அம்மாவுக்கு, ரம்தாவிலிருந்து

ரம்தா, ஜோர்டான்
16.11.2025

அன்புள்ள அம்மா,

நான் நலம். போனில் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "சாப்பிட்டியா, சளி பிடிக்கலையே" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அண்ணன் மகள் நிதானமாகப் படித்துக் காட்டட்டும்.

போன ஜூனில் டிவியில் ஏவுகணையைப் பார்த்துவிட்டு, "சண்டை நடக்கிற ஊர்ல உனக்கென்ன வேலை, கிளம்பி வா" என்றாய். சண்டை இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும். நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் வானம். ராத்திரி சைரன் ஊதும், மேலே நெருப்புக் கோடு போகும், விமானத்தையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். எங்கள் பேக்டரியில் மறுநாள் காலை எட்டு மணிக்கு மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் சண்டையால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதுவும் பொய். 2024 பொங்கலுக்குப் பணம் குறைவாக வந்தது என்று வருத்தப்பட்டாயே, அது நான் செலவு செய்து அழித்ததில்லை. காஸாவில் சண்டை மூண்ட பிறகு யேமன் பக்கத்து ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் செங்கடலில் கப்பல்களை அடிக்க ஆரம்பித்தார்கள். ஜோர்டானுக்கு இருக்கிற ஒரே துறைமுகம் அகாபா, அது செங்கடலின் நுனியில் இருக்கிறது. சீனாவிலிருந்து வர வேண்டிய துணி வாரக்கணக்கில் வரவில்லை. துணி இல்லாவிட்டால் தையல் இல்லை, தையல் இல்லாவிட்டால் என்னைப் போன்ற மெக்கானிக்குக்கு ஓவர்டைம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அப்போது சொன்னால் பயப்படுவாய் என்று சொல்லவில்லை.

நான் இருக்கிற ரம்தா எல்லையோரத்து ஊர். அந்தப் பக்கம் சிரியாவின் தரா நகரம். நடுவில் கோடு கிழித்திருக்கிறார்களே தவிர, ஹௌரான் என்கிற ஒரே சமவெளிதான். கூடலூர்க்காரர்களுக்கு வயநாட்டில் சொந்தம் இருக்கிற மாதிரி இங்கே எல்லா வீட்டுக்கும் தராவில் பெண் கொடுத்திருப்பார்கள், எடுத்திருப்பார்கள்.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரரை, எங்கள் வீட்டுக்காரரை, மூத்த மகன் பேரோடு "அபு" சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், நம்ம தோட்டத்து லைன் வீடுகளில் "மணி அப்பா" என்கிற மாதிரி. அவர் முன்பு பஹ்ஹாரா. கடலோடி என்று அர்த்தமாம். ஏரிகூட இல்லாத ஊரில் கடலோடி! காரில் எல்லை தாண்டிப் போய் துணி, இனிப்பு, சிகரெட் ஏற்றிவந்து விற்கிறவர்களுக்கு ரம்தாவில் அந்தப் பெயர். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தராவுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவாராம். ஊரில் பாதிக் கடைகள் இப்படி ஓடினவைதான்.

2011 மார்ச்சில் தராவில்தான் சிரியாவின் அந்தப் பெரிய உள்நாட்டுச் சண்டையின் முதல் பொறி விழுந்தது. சுவரில் அரசாங்கத்துக்கு எதிராக எழுதினார்கள் என்று பள்ளிக்கூடப் பையன்களைப் பிடித்துப் போனார்கள், ஊர் தெருவில் இறங்கியது. அப்புறம் ராத்திரி ராத்திரியாக ஜனங்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். வீட்டுக்காரர் மாடியை ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதம் வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறார். மூன்றாவது மாதம் வாடகை கேட்டார். அடுத்த வருஷம் ஏற்றினார். "எல்லாரும் ஏற்றினார்கள், நானும் ஏற்றினேன்" என்று அவரே சொல்வார், ஒளிக்க மாட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே வாடகை உயர்வால் அவருடைய இரண்டாவது மகனுக்கு வீடு கிடைக்காமல் கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப்போனது.

2015 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் 95 லட்சம் பேர், அதில் 12 லட்சத்துக்கும் மேல் சிரியாக்காரர்கள். ஸாத்தரி அகதி முகாமை நீ டிவியில் பார்த்திருப்பாய், தகரக் கொட்டகையாகத் தெரியும். முகாமில் இருந்தவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் எல்லாம் இப்படி மாடியிலும் கீழ்த்தளத்திலும் கடைக்குப் பின்னாலும்தான் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் காலையில் இந்த ஊர்ப் பிள்ளைகள், மத்தியானம் சிரியாப் பிள்ளைகள். வீட்டுக்காரரின் பேத்திக்கு அதனால் பாட நேரம் குறைந்துபோனது. தண்ணீர் ஏற்கெனவே வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும், மொட்டைமாடித் தொட்டிகளில் பிடித்து வைப்போம். அதையும் பங்கு போட வேண்டியிருந்தது. நம்ம லைன் குழாயடிச் சண்டை உனக்குத் தெரியாததா?

2015 ஏப்ரலில் எல்லை ஒரேயடியாக மூடிவிட்டது. அந்த வருஷம் ஜூனில் ரம்தாவிலேயே ஒரு குண்டு வந்து விழுந்து ஒருவர் செத்துப்போனார். 2018 அக்டோபரில் எல்லையைத் திறந்தபோது வியாபாரம் பழையபடி வரும் என்று நம்பினார்கள். அதிகமாக வந்தது போதை மாத்திரை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 27 கடத்தல்காரர்களை ராணுவம் சுட்டது. வீட்டுக்காரரின் கார் முற்றத்திலேயே நிற்கிறது. கோழி அதற்குள் முட்டையிடுகிறது.

சிரியாக்காரர்களை வேலைக்கு எடுத்தால் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் துணி அனுப்பலாம் என்று 2016-இல் ஒரு ஏற்பாடு வந்ததாம், நூற்றுக்குப் பதினைந்து பேர் இருக்க வேண்டுமாம். பெரிதாக யாரும் வரவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு எட்டு மணி நேரம் லைனில் உட்காரவா, அதுவும் இந்தச் சம்பளத்துக்கா? அந்தச் சம்பளத்துக்கு வருகிறவர்கள் நாங்கள்தானே, வங்காளதேசம், நேபாளம், இலங்கை என்று.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

எங்களுக்குக் கீழே ஒரு தராக் குடும்பம் இருந்தது. போன டிசம்பரில் சிரியா அதிபர் அசாத் ஓடிப்போன ராத்திரி அந்த அம்மா தெருவில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். அப்போதிருந்தே போகிறோம் போகிறோம் என்றார்கள், போன வெள்ளிக்கிழமை போய்விட்டார்கள். இங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் இப்படித் திரும்பியிருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன்னால் தையல் மெஷினை என்னிடம் கொண்டுவந்தார். கால் மெஷின், பழசு. ஷட்டில் தேய்ந்திருந்தது. எண்ணெய் விட்டு, பேக்டரியில் கழித்துப்போட்ட ஷட்டில் ஒன்றை ராவிப் பொருத்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, ஒரு கட்டு மரமியா இலை கொடுத்தார், தேத்தண்ணியில் போட்டுக் குடிக்கிற இலை.

அவர்களுடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. ரம்தாவில் பிறந்தவள். தராவைக் கண்ணால் பார்த்ததில்லை. வேனில் சாமான் ஏற்றும்போது எல்லாரும் "ஊருக்குத் திரும்பப் போகிறாய்" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் என்னிடம் வந்து மெதுவாக, "நான் எப்போ அங்கே இருந்தேன், திரும்பிப் போறதுக்கு?" என்று கேட்டாள். எனக்கு அரபி அரைகுறைதான். இது மட்டும் முழுசாகப் புரிந்தது.

உனக்கும் பன்னிரண்டு வயதுதானே அம்மா, 1974-இல்? இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த உன்னைத் 'தாயகம் திரும்பியோர்' என்று தாளில் எழுதி 'அழுகைக் கோச்சி' என்கிற அந்த ரயிலில் ஏற்றித் தலைமன்னாருக்கு அனுப்பினார்களே. கொழும்பிலும் டெல்லியிலும் இருந்தவர்கள் 1964-இல் இந்தியாவுக்கு 5,25,000 பேர் என்று எண்ணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அதில் நீ ஒன்று. மண்டபம் முகாம், அப்புறம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம், கோத்தகிரிக் குளிர். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் பஜாரில் நம்மைச் "சிலோன்காரங்க" என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் வந்ததால் கூலி குறைந்தது என்று சொன்னவர்கள்மேல் சின்ன வயதில் எனக்கு அவ்வளவு கோபம். வீட்டுக்காரரோடு ஆறு வருஷம் இருந்த பிறகு அது கொஞ்சம் ஆறியிருக்கிறது. அவரும் அதேபோலத்தான் புலம்புவார். ஆனால் வேன் கிளம்பினதும் கீழ் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

நீ அந்தப் பயணத்தைப் பற்றி எங்களிடம் சொன்னதே கிடையாது. அம்மாயிதான் ஒரு தரம் சொன்னது, அம்மிக் குழவியைச் சேலையில் சுற்றிக்கொண்டு வந்ததையும், சோதனை போட்டவர் "ஏன், இந்தியாவுல கல்லு இல்லையா" என்று சிரித்ததையும். நீ அப்போது என்ன கேட்டாய், யாரிடம் கேட்டாய்? அடுத்த தரம் போனில் "சாப்பிட்டியா" கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்.

கூரைத் தகரம் மாற்றத் தேதி ஐந்துக்குள் பணம் போட்டுவிடுகிறேன். வேலை நடக்கும்போது பின்பக்கம் கிடக்கிற பழைய சாமானையெல்லாம் அண்ணன் அள்ளிக் கொட்டிவிடப் போகிறான். குழவியை எடுத்து உள்ளே வைக்கச் சொல்.

உன் அன்பு மகன்