மூன்று மணி நேர ஓய்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

2008 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று நடக்கும் ஊர்வலமும் கட்டடங்களில் ஏற்றும் நீல விளக்கும் இருக்கட்டும். ஆட்டிசம் (பிறரோடு பேசிப் பழகுவதைப் பாதிக்கும் வளர்ச்சி நிலை) உள்ள பிள்ளையின் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், பிள்ளையை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்பார்கள். இந்தச் சேவையைச் சில அமைப்புகள் ஆர்வத்தோடு தொடங்குகின்றன. சில வாரங்களில் நின்றுவிடுகிறது. பிள்ளை இருக்கமாட்டேன் என்கிறான் என்று காரணம் சொல்கிறார்கள். பிள்ளையைக் குறை சொல்வது தவறு. பெரும்பாலும் கோளாறு, பராமரிப்பவரைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்யும் விதத்தில்தான் இருக்கிறது.

பழகாத ஆளிடம் முதல் நாளே விட்டுவிட்டுப் போகக்கூடாது. பராமரிப்பவர் முதலில் பிள்ளையின் வீட்டுக்கு வரட்டும். பெற்றோர் கூடவே இருக்க, ஒரு மணி நேரம் போதும். கேள்வி கேட்டுத் துளைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை செய்வதைத் தானும் செய்யலாம். இரண்டாம் முறை பெற்றோர் அடுத்த அறையில் இருக்கலாம். மூன்றாம் முறை அரை மணி நேரம் வெளியே போய், சொன்ன நேரத்தில் திரும்ப வேண்டும். ஆள் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேரைப் பழக்கி வைப்பது நல்லது.

"மூன்று மணிக்கு அம்மா வருவேன்" என்பது பல பிள்ளைகளுக்குப் புரியாது. ஓர் அட்டையில் நான்கு படங்களை வரிசையாக ஒட்டுங்கள்: புதிர் விளையாட்டு, சாப்பாடு, ஊஞ்சல், கடைசியில் அம்மாவின் புகைப்படம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தைப் பிள்ளையே பிய்த்து எடுக்கட்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முடிந்த படங்கள் அப்படியே ஒட்டியிருந்தால் அம்மா நெருங்கி வருவது பிள்ளைக்குத் தெரியாது.

பெற்றோர் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். "சாப்பாட்டில் கவனம்" என்று எழுதிப் பயனில்லை. "தட்டில் ஒன்றோடொன்று பட்டால் சாப்பிடமாட்டான், தனித்தனிக் கிண்ணம்", "ஃபிரிட்ஜைத் தட்டினால் தண்ணீர் கேட்கிறான்", "மிக்ஸி சத்தம் ஆகாது" என்று எழுதுங்கள். வலிப்பு உண்டா, என்ன மருந்து, கதவு திறந்தால் வெளியே ஓடுவானா, தண்ணீரைக் கண்டால் இறங்குவானா என்பவை முதல் வரியிலேயே இருக்க வேண்டும். நீரில் மூழ்கும் ஆபத்து இந்தப் பிள்ளைகளுக்கு மிக அதிகம்.

அலறித் துடிக்கும் நேரத்தில் அதட்டுவதும் சுற்றிக் கூடுவதும் நிலைமையை மோசமாக்கும். விளக்கையும் சத்தத்தையும் குறைத்து, ஆட்களை விலக்கி, பேச்சைச் சுருக்கி, காத்திருக்க வேண்டும். அடிபடும் அபாயம் இல்லாதவரை பிடித்து அடக்கக்கூடாது.

இதற்கெல்லாம் நிபுணர்களே வேண்டும் என்பதில்லை. 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சியில் 9 குழு வகுப்புகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் உண்டு. அதைப் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களே நடத்தலாம்.

ஆனால் பெரும்பாலான சேவைகள் பள்ளி வயதோடு முடிந்துவிடுகின்றன. முப்பது வயது மகனோடு வீட்டுக்குள் அடைந்திருக்கும் எழுபது வயதுத் தாய்க்கும் அந்த மூன்று மணி நேரம் வேண்டும். சேவை பெறுவோர் பதிவேட்டில் அவர் பெயரையும் சேருங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் சிலர்