ரிம்மில் ஏறிவிட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு ஜே.சி. ரோட்டுக் கடைகளில் அலாய் வீல் வாங்க வருகிறவர்கள் வீலின் டிசைனைத் தேட ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். டயர் அளவு மட்டும் பில் போடும் நேரத்தில் முடிவாகிறது. ‘இந்த ரிம்முக்கு இது உட்காரும் சார்’ என்று ஒருவர் சொல்வார், அதோடு பேச்சு முடிந்துவிடும். ரிம்மில் உட்காரும் டயரெல்லாம் அந்த வண்டிக்கு ஏற்ற டயர் ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் ஃபெண்டர் (சக்கரத்தை மூடியிருக்கும் தகடு) உரசல், ஸ்டீயரிங் அதிர்வு, பள்ளத்தில் விழுந்ததும் டயர் புடைப்பது எல்லாம் வருகின்றன. பணம் கொடுக்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நிறுவனம் அந்த வண்டிக்குக் கொடுத்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உள்ளன. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டயரைப் பார்த்து அளவு எடுக்க வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம். ஸ்டிக்கரில் 185/65 ஆர்15 என்று இருந்தால், டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம். 185-ல் 65 விழுக்காடு 120.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், ஆக 240.5. ரிம் 15 அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் 381. கூட்டினால் 621.5 மி.மீ. இதுதான் டயரின் மொத்த விட்டம். ரிம் எத்தனை அங்குலம் ஆனாலும் இந்த எண் அதிகம் மாறக் கூடாது. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தால் பக்கச்சுவர் அதற்குத் தக்கபடி குறைய வேண்டும்.

நிறுவனங்களே இப்படித்தான் செய்கின்றன. 2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்டில் கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. முதலாவதின் விட்டம் 619.6, இரண்டாவதின் விட்டம் 621.5. இரண்டுக்கும் 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. அதே கணக்கில் 16 அங்குல ரிம்முக்கு 195/55 போட்டால் 620.9, 17-க்கு 205/45 போட்டால் 616.3. இவை விட்டக் கணக்கில் தேறும்.

தேறாத ஒன்றையும் பார்ப்போம். வேகன்ஆர் காரில் வரும் 165/70 ஆர்14 டயரின் விட்டம் 586.6. ‘15 இஞ்ச் அலாய் என்றால் 185/65 தான்’ என்று அதற்கும் மாட்டிவிடுகிறார்கள். விட்டம் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடிப்போகிறது. மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 85-ஐ ஒட்டி ஓடும். சக்கரத்தின் ஆரம் 17 மி.மீ. கூடுவதால் ஸ்டீயரிங்கை முழுக்க வளைத்ததும் முன் டயர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைத் தேய்க்கும். ஒவ்வொரு கியரும் நீண்டுவிட்டதுபோல் ஆகி, மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்று கிளம்பும்போது கிளட்ச்சுக்கு வேலை கூடும். அந்த வண்டிக்கு 15 அங்குலத்தில் 175/60 போட்டிருந்தால் விட்டம் 591-ல் நின்றிருக்கும்.

மூன்று விழுக்காடு வரை மாறலாம் என்பது தொழிலில் சொல்லும் வரம்பு. அது இரண்டு பக்கமும் ஒன்றாகாது என்பது என் கருத்து. விட்டம் சற்றுக் குறைந்தால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதில் ஆபத்து இல்லை. விட்டம் கூடினால் மீட்டர் குறைத்துக் காட்டும், ஃபெண்டருக்குள் இடமும் சுருங்கும். ஆகவே கூடும் பக்கம் ஒன்றரை விழுக்காட்டுக்குள் நிறுத்துவது நல்லது.

விட்டம் சரியாக வந்த பிறகு பலரும் பார்க்காமல் விடுவது எடைக் குறியீடு. அளவுக்குப் பின்னால் 88எச் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. மேலே சொன்ன 195/55 ஆர்16 சாதாரண வகையில் 87, அதாவது 545 கிலோ. 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84, வெறும் 500 கிலோ. விட்டம் அதேதான், ஆனால் ஓர் அச்சுக்கு 120 கிலோ தாங்குதிறன் போய்விட்டது. தனியாக ஆபீஸ் போய் வரும்போது இது தெரியாது. பொங்கலுக்கு ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டித் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது அந்தச் சுமையும் சூடும் டயர்மேல்தான் விழுகின்றன. ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குரிய குறியீட்டுக்குக் கீழே போகவே கூடாது. அதற்காகத்தான் எக்ஸ்எல் என்று எழுதிய பலப்படுத்திய வகை இருக்கிறது: 195/55 ஆர்16-ல் 91, 205/45 ஆர்17-ல் 88 கிடைக்கும். ஆனால் எக்ஸ்எல் டயர் தன் முழு எடையைத் தாங்குவது 42 பி.எஸ்.ஐ. காற்றில்; சாதாரண டயருக்கு அந்தக் கணக்கு 36-ல். பழைய டயருக்கு எழுதிய 32, 33-ஐ அப்படியே எக்ஸ்எல் டயரில் வைத்தால் வாங்கிய பலம் பயன்படாது. நான்கைந்து கூட்டி வைக்க வேண்டும்.

ரிம்மின் அகலத்துக்கும் டயருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. ரிம்மில் 6.5ஜே, 7ஜே என்று பொறித்திருப்பது அங்குலத்தில் அகலம். 185/65 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை. 195/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7 வரை. 205/45 ஆர்17-க்கு 6.5 முதல் 7.5 வரை. அழகுக்காக 185 டயரை 7.5 அங்குல ரிம்மில் இழுத்துப் போடுவதைப் பார்க்கிறோம். டயரின் ஓரம் ரிம்மைவிட உள்ளே ஒடுங்கிவிடுவதால் பள்ளத்தின் விளிம்பில் முதல் அடி ரிம்முக்கே விழும். காற்றுக் குறைந்த நேரத்தில் டயர் ரிம்மை விட்டு நழுவவும் கூடும். தலைகீழாக, ஒடுங்கிய ரிம்மில் அகல டயர் போட்டால் பக்கச்சுவர் உப்பி, வளைவில் வண்டி தள்ளாடும், டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும்.

அதிகத் தகராறு வருவது ஆஃப்செட்டில், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பதில். ரிம்மின் உட்புறத்தில் இ.டி. 45, இ.டி. 38 என்று இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டப்படும் சுழலும் பகுதி) பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்புறமாக இருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறைய வீல் ஃபெண்டரை நோக்கி வெளியே தள்ளும். வண்டியில் 5.5ஜே, இ.டி. 45 ரிம் இருக்கிறது, கடையில் 7ஜே, இ.டி. 38 காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய ரிம்மின் பாதி அகலம் 69.85 மி.மீ.; அதில் 45 போக வெளிப்பக்கம் 24.85. புதியதன் பாதி 88.9, அதில் 38 போக 50.9. வீல் 26 மி.மீ. வெளியே வருகிறது. உட்பக்கத்துக்குக் கழிக்காமல் கூட்ட வேண்டும்: 114.85 இருந்தது 126.9 ஆகிறது, சாக் அப்சார்பர் பக்கம் 12 மி.மீ. நெருங்குகிறது. ‘ஏழு மி.மீ. தானே வித்தியாசம்’ என்று இ.டி. எண்ணை மட்டும் கழித்துச் சொல்வது தவறு. ரிம் அகலத்தையும் சேர்க்காமல் ஆஃப்செட் கணக்கு இல்லை. வெளியே அதிகம் தள்ளிய வீல் ஹப் பேரிங்கின் மேல் நெம்புகோல்போல் அழுத்தும். ஸ்டீயரிங் கனக்கும், பள்ளத்தில் கையை இழுக்கும். உரசலுக்கு மருந்தாக ஃபெண்டரின் விளிம்பை மடித்துவிடுவது தீர்வே அல்ல. பெயின்ட் வெடித்து அங்கிருந்து துரு பிடிக்கும்.

பி.சி.டி. என்பது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டுக்கும் ஐ20-க்கும் 4 துளை, 100 மி.மீ.; ஃபோர்டு ஃபிகோவுக்கு 4 துளை, 108; ஃபியட் பாலியோவுக்கு 4 துளை, 98. 100 ரிம்மை 98 ஹப்பில் நெருக்கி முறுக்கிவிட முடியும் என்பதுதான் ஆபத்து. போல்ட் கோணலாக இழுத்து உட்காரும், ஒன்றிரண்டு மட்டுமே உண்மையில் பிடித்திருக்கும். சில நூறு கிலோமீட்டரில் தளரும். இரண்டு மி.மீ. என்றாலும் அந்த ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரிம்மின் நடுத்துளையையும் அளந்து வாங்க வேண்டும். வெளிச்சந்தை ரிம்கள் பல வண்டிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே, பல மாடல்களில் 73.1 மி.மீ. அளவில், விடுகிறார்கள். ஸ்விஃப்டின் ஹப் 54.1. இடைவெளியை நிரப்ப 73.1-க்கு 54.1 ஹப் ரிங் கேளுங்கள், அலுமினியத்தில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ரிங் இல்லாமல் மாட்டினால் வீலை நடுவில் நிறுத்த நட்களை மட்டுமே நம்ப வேண்டும், அரை மி.மீ. விலகினாலும் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்று முறை பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நட்டின் உட்காரும் முகம் மூன்று விதம். வெளிச்சந்தை ரிம்முக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு முகம் வேண்டும். ஹோண்டாவின் சொந்த நட் உருண்டை முகம். டொயோட்டாவின் சொந்த அலாய் நட் வாஷருடன் கூடிய தட்டை முகம். பழைய நட்டையே புது ரிம்மில் போட்டால் ஒரு கோடு அளவுக்குத்தான் தொடும், இறுக்கம் நிற்காது. நட்டின் திருகுப் புரியும் ஒவ்வொரு வண்டிக்கும் வேறு: மாருதியில் 12 மி.மீ. ஸ்டட்டுக்கு (ஹப்பிலிருந்து நீளும் திருகுக் கம்பி) 1.25 மி.மீ. பிட்ச், அதாவது புரிக்குப் புரி உள்ள தூரம், ஹோண்டாவிலும் ஹூண்டாயிலும் 1.5. கையால் நட்டை முறுக்கும்போது 1.25-ல் குறைந்தது பத்து சுற்று, 1.5-ல் எட்டு சுற்று ஏற வேண்டும். ஏர் கன்னில் அடித்து அனுப்பாமல், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சில் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். புது அலாய் ரிம்மின் பெயின்ட் அமுங்கி முதல் சில நாட்களில் இறுக்கம் குறைவது உண்டு.

எந்த அங்குலம் வரை போகலாம் என்று கேட்டால், இந்த ஊரில் ஓர் அங்குலம் கூட்டுவதோடு நிறுத்துங்கள் என்பேன். 185/65-ல் 120 மி.மீ. ரப்பர் இருந்த இடத்தில் 205/45-ல் 92 மி.மீ. தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் மூடிய பள்ளமும் வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடையும் எங்கே வரும் என்று பெங்களூரில் யாருக்கும் தெரியாது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கும்போது உள்ளே நூலிழைகள் அறுந்து, மறுநாள் முட்டைபோல் புடைக்கும். அந்த டயரை ஒட்ட முடியாது. அடிபட்ட சேதத்துக்கு வாரன்ட்டியும் பெரும்பாலும் கிடையாது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். நிறுவனம் குறித்த விவரத்துக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே காரின் மேல் வேரியன்ட்டுக்கு நிறுவனமே கொடுத்த ரிம் அளவையும் டயர் அளவையும் எடுத்துக்கொண்டால் எந்தக் கேள்விக்கும் பதில் கையில் இருக்கும். அலாய் வீலை இன்ஷூரன்ஸில் தனியாகப் பதிவு செய்யவும் மறக்க வேண்டாம்.

மாட்டியதும் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். பின் இருக்கையில் மூன்று பேரை உட்கார வைத்து, டயரின் தோளில் (தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) சாக்பீஸ் தேய்த்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க வளைத்து ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். உரசினால் லைனரில் வெள்ளை ஒட்டியிருக்கும். சாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பில்லில் ‘அலாய் 4, டயர் 4’ என்று மட்டும் எழுதாமல் ரிம் அகலம், இ.டி., டயரின் முழு அளவு, எடைக் குறியீடு நான்கையும் எழுதித் தாருங்கள். பின்னாளில் ஒரு டயர் மட்டும் மாற்ற வருகிறவருக்கு அந்தத் துண்டுச் சீட்டு உதவும்.

ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்மாகவே இருந்தால், கழற்றிய பழைய நட்களில் நான்கைத் துணியில் சுற்றி டிக்கியில் ஜாக்குடன் வையுங்கள். அலாய் நட் இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். அது தெரியவருவது இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில்தான்.

இப்படிக்கு,
டயர், வீல் அலைன்மென்ட் பணியாளர்,
அல்சூர், பெங்களூரு