வாழ்வாதார உதவிக்கு எந்த பொலிஷர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரந்தன் பக்கம் வாகனங்களுக்கு பெயின்ற் அடிப்பது என் தொழில். கட் அன்ட் பொலிஷ் (பெயின்றின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்குவது) செய்யப்போய், பொனெற் ஓரத்தில் பெயின்ற் எரிந்து அடிப்பூச்சான பிரைமர் தெரிகிற வாகனங்கள் இப்போது என்னிடம் அடிக்கடி வருகின்றன. எனக்கு வருமானம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எரித்தவர்களோ புதிதாகத் தொழில் தொடங்கிய எங்கள் தம்பிமார். வாகனக்காரருக்குக் காசையும் கட்டி, ஊருக்குள் பெயரையும் கெடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் சிலருக்கு பொலிஷ் மெஷின் வந்தது வாழ்வாதார உதவியாக. யார் கொடுத்தார்கள் என்று நான் எழுத வரவில்லை. கொடுத்த மெஷின் எல்லாம் றோட்டரி என்ற வகை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

றோட்டரி பொலிஷர் ஒரே அச்சில் சுற்றும். நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று வரை கூட்டிக் குறைக்கலாம். நாம் எவ்வளவு அழுத்தினாலும் சுற்று நிற்காது, அதனால் ஆழமான கீறலும் போகும். 2000 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பெயின்றைப் பளபளப்பாக்க நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் ஒரே இடத்தில் கொஞ்சம் தாமதித்தால் சூடு ஏறிவிடும். ஓரங்களிலும் வாகனத்தின் தகடு மடிகிற கோடுகளிலும் பெயின்ற் இயல்பாகவே மெல்லியது, அங்கேதான் முதலில் போகும். எரியாவிட்டாலும், பழகாத கை வைத்தால் வெயிலில் வளைவு வளைவாக நிழல் ஓடும். கறுப்புக் காரில் அதை மறைக்கவே முடியாது.

கம்பனி பெயின்ற் எல்லாப் படையும் சேர்ந்து 100 மைக்ரோனுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். போட்டோக்கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பும் அவ்வளவுதான். அதில், நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கிற நிறமில்லாத படையான கிளியர் கோட் பாதிகூட வராது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் வன்னியில் ஓடுகிற அல்டோ, வாகன் ஆர், டொல்பின் வான் பெரும்பாலும் பழையவை, பலமுறை பொலிஷ் கண்டவை. மிச்சம் எவ்வளவு இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சில பழைய வெள்ளை வான்களில் கிளியர் கோட்டே இல்லை, மெஷினில் மாட்டித் தேய்க்கிற பஞ்சான பாட்டை வைத்ததும் வெள்ளை நிறம் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

புதியவருக்கு ஏற்றது டுவல் அக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. பாட் சுற்றிக்கொண்டே சிறு வட்டமாக அசையவும் செய்யும். அளவுக்கு மீறி அழுத்தினால் சுற்று நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும், பெயின்ற் பெரும்பாலும் தப்பிவிடும். பாட்டைப் பிடித்திருக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் பாட் சுற்றுகிறதா இல்லையா என்று வேலை செய்யும்போதே தெரியும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், சரி, முதல் வருடத்துக்கு அது நல்லதுதான்.

டி.ஏ.யிலும் 8, 15, 21 மில்லிமீற்றர் என்று அந்த வட்ட அசைவின் அகலம் வேறுபடும். 21 பெரிய தட்டோடு வரும். டொல்பின் வானின் நீளமான பக்கத் தகட்டுக்கு அருமையாக ஓடும், அல்டோவின் வளைவில் தடுமாறி நின்றுவிடும். இங்கே வருகிற கலப்பு வாகனங்களுக்கு 5 அங்குலத் தட்டோடு 15தான் என் தெரிவு. மோட்டார் சைக்கிள் டாங்கிக்கும் காரின் பக்கக் கண்ணாடி மூடிக்கும் 3 அங்குலத் தட்டுள்ள சின்ன மெஷின் பிறகு வாங்கலாம். பல்சக்கரத்தால் கட்டாயம் சுற்றுகிற டி.ஏ. ஒன்றும் உண்டு. அது அழுத்தினாலும் நிற்காது, கை பழகியவருக்குத்தான்.

ஆகக் கொடுமை கிரைண்டர். நாலரை அங்குல கிரைண்டரின் திருகும் றோட்டரியின் திருகும் பெரும்பாலும் ஒரே எம்14 அளவு என்பதால் பொலிஷ் தட்டு அதில் பொருந்திவிடுகிறது. நிமிடத்துக்கு 11,000 சுற்றில் இரும்பு வெட்டுகிற சாமானை பெயின்றில் வைக்கலாமா? வைக்கிறார்கள்.

எந்த மெஷின் என்றாலும் செம்மண் புழுதி முழுக்கப் போன பிறகுதான் பொலிஷ். நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கிற களிக்கட்டியால் (கிளே பார்) ஒருமுறை உருவிவிட்டுத் தொடங்க வேண்டும். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, காய்ந்த துணியால் பொனெற்றைத் துடைக்கிற சாரதிமார் இருக்கும்வரை பொலிஷ்காரருக்கு வேலை குறையாது என்பது வேறு கதை.

ஆகவே உதவி கொடுக்கிற நிறுவனங்களிடமும் பிரதேச செயலக அலுவலர்களிடமும் கேட்பது இதுதான். பட்டியலில் ‘பொலிஷிங் மெஷின்’ என்று மட்டும் எழுதி, வருகிற விலைமனுவில் மலிவானதை எடுக்காதீர்கள். 15 மில்லிமீற்றர் டி.ஏ., 5 அங்குலத் தட்டு என்று தெளிவாக எழுதுங்கள். ஃபோம் பாட் தாராளமாக, ஒரு நல்ல லைற், முடிந்தால் பெயின்ற் தடிப்பு அளக்கும் கருவி ஆகியவற்றையும் சேருங்கள். கருவி கையில் கிடைப்பதற்கு முன் பழுதான தகட்டில் பழக்கிவிடுங்கள். கழித்துப் போட்ட பொனெற்றுகள் என் கராஜின் பின்னால் கிடக்கின்றன, பயிற்சிக்குத் தேவையானவர்கள் காசில்லாமல் ஏற்றிக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
பெயின்ற் வேலைக்காரன் ஒருவன்,
பரந்தன்.