முடிச்சூர் வீட்டை விற்காதே

அன்புள்ள கலா,

நீ அனுப்பிய ஒன்பது நிமிஷ ஆடியோவை நேற்று சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே இரண்டு தடவை கேட்டேன். பதிலுக்கு நானும் பேசியே அனுப்பியிருப்பேன், ஆனால் இந்த வீட்டில் நான் போனை எடுத்தால் அது திண்ணையில் இருக்கிற மாமியாருக்கும், அவரோடு வெற்றிலை போட வந்திருக்கிற எதிர்வீட்டு அத்தைக்கும் சேர்த்துப் பேசியதாக ஆகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இந்த ஐந்து வருஷத்தில் நான் தனியாக உட்கார்ந்து போன் பேசிய இடம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு ஒன்றுதான் என்றால் நீ நம்பமாட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர், அண்ணன், தாம்பரம் பக்கத்து முடிச்சூர் வீட்டைக் கொடுத்துவிட்டு பாபநாசம் பக்கம் தன் ஊரிலேயே நிலம் வாங்கி, வீடு கட்டி, இரண்டு மாடு வைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்கிறாராம். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2015 டிசம்பரில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு ஸ்விட்ச் போர்டுக்கு மேலே இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பெயிண்ட் அடித்து மறைத்து எட்டு வருஷம், அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல். அடையாறு கிளம்புகிற இடமே ஆதனூர் பக்கம் என்றிருக்கும்போது, அங்கே ஏரி நிரம்பி வழிந்தால் உங்கள் தெருவிடம் உத்தரவு கேட்டுக்கொண்டா தண்ணீர் வரும்? வருஷா வருஷம் கார்த்திகையில் பிரிட்ஜைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனுஷனுக்கும் ஊர் நினைப்பு வரத்தான் செய்யும்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு புயலில்தான் ஆரம்பித்தது, ஆனால் புயல் அடித்தது இங்கே. 2018 நவம்பர் 16, கஜா. மாமனார் தன் கையால் வைத்த நாற்பது தென்னையில் முப்பத்தொன்று ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டது. மூன்று வாரம் கரண்ட் இல்லாமல் வயசானவர்கள் இரண்டு பேரும் லாந்தர் வைத்துக்கொண்டு இருந்தார்கள். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன இவர் குரோம்பேட்டைக்குத் திரும்பி வந்தாரே தவிர மனசு இங்கேயே தங்கிவிட்டது. அடுத்த வருஷம் சென்னையில் ஏரியெல்லாம் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அப்போது ராத்திரி ஒரு மணிக்கு லாரிக்குக் குடத்தோடு நின்றதும் சேர்ந்துகொண்டது. 2020இல் கம்பெனியில் பாதிச் சம்பளம் என்றதும் முடிவெடுத்துவிட்டார். எடுத்துவிட்டார் என்றுதான் எழுதுகிறேன், எடுத்தோம் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

நாங்கள் வந்து இறங்கிய ஜூனில்தான் எட்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக மேட்டூரை 12ஆம் தேதியே திறந்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்துக்கு முன்னால் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாறு வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வர நாள் ஆகும். வருகிறது வருகிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் வந்தது. நான் நினைத்த மாதிரி சலசலவென்று எல்லாம் வரவில்லை. முதலில் பழுப்பு நுரை, அதற்குள் சருகு, பாக்கெட் கவர், ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றையும் முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் நடக்கிற வேகத்தில் தண்ணீர் வருகிறது, அதற்கு முன்னால் வாய்க்கால் தரையிலேயே பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். என் பெண் அப்போது ஏழாவது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் ஓடினாள். மாமியார் மஞ்சளையும் பூவையும் போட்டுக் கும்பிட்டார். அன்றைக்கு ராத்திரி, இவர் எடுத்தது சரியான முடிவுதான் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

ஊர் ஊர் என்று உருகுகிறவர்கள் மனசில் இருப்பது இந்த மாதிரி சாயங்காலம்தான் கலா. வருஷத்துக்கு எட்டோ பத்தோ வரும், பொய் இல்லை. பாக்கி நாளைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள், அதை நான் சொல்கிறேன்.

அண்ணன் தேடுகிற நிம்மதி இங்கே நிஜமாகவே இருக்கிறது. தினம் காலையில் ஆறரை மணிக்கு அது டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் நான் வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கரண்ட் லோவாக இருக்கும்போது மோட்டார் போட்டுத் தொலைக்காதே என்று கத்திக்கொண்டே இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருப்பேன். பதினோரு மணிக்கு யாராவது சும்மா பார்த்துவிட்டுப் போக வருவார்கள், போன் பண்ணிவிட்டு வருகிற வழக்கமெல்லாம் கிடையாது, காப்பி கொடுக்க வேண்டும், ஒரு மணி தாண்டிவிட்டால் இலை போட வேண்டும். அரிசி நம்முடையது, பால் நம்முடையது, கீரை கொல்லையில் இருக்கிறது, செலவே இல்லை என்பார்கள். செலவு இல்லைதான், கூலி வாங்காத ஆள் ஒருத்தி இருக்கிறாளே. மாடு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. மாடு இருந்தால் ஒரு ராத்திரி வெளியூரில் தங்க முடியாது. என் தம்பி மகள் கல்யாணத்துக்கு மாயவரம் போனவள், தாலி கட்டி முடித்ததும் சாப்பிட்டும் சாப்பிடாமலும் பால் கறக்க ஓடிவந்தேன். கல்யாண ஆல்பத்தில் நான் இல்லை.

வயல் வருமானம் பற்றிக் கேட்டிருந்தாய். எங்களுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். இந்தக் குறுவைக்கு அறுத்த நெல்லை வைத்துக்கொண்டு டிபிசியில், அதாவது கவர்மெண்ட் நெல் கொள்முதல் நிலையத்தில், பதினோரு நாள் காத்திருந்தோம். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள், மழையோ விட்டு விட்டுப் பெய்கிறது. வெயில் அடித்தால் ரோட்டில் கொட்டிக் காலால் துழாவி விட வேண்டும், மேகம் கறுத்தால் குவித்துப் படுதா போட்டு மூட வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு தடவை. படுதாவுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் நெல் வெதுவெதுப்பாக இருக்கும், அப்படி இருந்தால் இன்னும் இரண்டு நாளில் முளைத்துவிடும் என்று அர்த்தம், அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது எனக்கு. கணக்கு எழுதிய கை ஆயிற்றே, விடுமா, உட்கார்ந்து எழுதினேன். உழவு, நாற்று, நடவு, உரம், மிஷின் வாடகை எல்லாம் போக, நான்கு மாசத்துக்கு மிஞ்சியது நான் தி.நகர் ஆடிட்டர் ஆபீஸில் வாங்கிய ஒன்றரை மாசச் சம்பளம். எங்கள் இரண்டு பேர் உழைப்பை அதில் எழுதவே இல்லை. நோட்டை இவரிடம் காட்டினேன், பேசாமல் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

உனக்கு ஒன்று சொன்னால் சிரிப்பாய். சென்னையில் எனக்கு ஏக்கமாக இருப்பது கடலோ கடைத்தெருவோ இல்லை, காலை லோக்கல் ரயில்தான். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பல்லாவரம் அம்மா மடியில் பேப்பர் விரித்துக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டு வருவார், கிண்டிக்குள் கால் கிலோ முடிந்திருக்கும். சீட்டு நடந்தது, புடவைக் கணக்கு நடந்தது, மாமியார் சண்டைக்கெல்லாம் பஞ்சாயத்து நடந்தது. என் அம்மா இறந்துபோனபோது அந்தப் பெட்டியிலிருந்து ஏழு பேர் ஆபீசுக்கு லீவு போட்டு மாயவரம் வரை வந்தார்கள், நினைவிருக்கிறதா, நீதான் அவர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாய். அதில் நான்கு பேர் வீடு எங்கே என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. இங்கே எல்லார் வீடும் தெரியும், எல்லாருக்கும் என் வீடு தெரியும், ஆனால் என் மனசில் இருப்பதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றி என்னிடமே திரும்பி வந்துவிடும்.

இரண்டு வருஷம் அப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அப்புறம் மன்னார்குடியில் ஒரு ஜிஎஸ்டி பார்க்கிற ஆபீஸில் கேட்டேன், வாரத்தில் நான்கு நாள் வரச் சொன்னார்கள். 2021 மே மாசத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, அதனால்தான் வீட்டில் யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை, பஸ்ஸுக்குச் செலவழித்துப் போய் என்னத்தைச் சம்பாதிக்கப் போகிறாய் என்ற முதல் கேள்வியே அடிபட்டுப்போயிற்று. ஒன்பது மணி பஸ்ஸில் இப்போது எனக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து வைக்க ஆள் இருக்கிறது. லோக்கல் ரயில் அளவுக்கு வராது, இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. காலனியிலிருந்து நடவுக்கு வருகிற ஒரு அக்கா இருக்கிறார். எங்கள் வீட்டில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனியாக ஒரு சொம்பு வைத்திருந்தார்கள். நான் வந்த புதிதில் அதை எடுத்துப் பழைய பாத்திரத்தோடு போட்டுவிட்டேன், வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த அக்காவின் இரண்டு பெண்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் வருவார்களா என்று ஒரு நாள் கேட்டதற்கு, "எதுக்குங்க வரணும்? இங்க வந்தா எந்தத் தெருன்னு கேப்பாங்க. அங்க ஒருத்தனும் அதக் கேக்கலீங்க, இன்னக்கி பீஸ் எத்தனைன்னுதான் கேக்குறானுவோ" என்றார். அதற்கு அப்புறம் யாராவது கிராமத்து அமைதி என்று ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இவ்வளவும் சொல்கிறாயே, பிறகு ஏன் அங்கே இருக்கிறாய் என்பாய். போன மாசியில் ராத்திரி இரண்டு மணிக்கு மாமனாருக்கு நெஞ்சு வலி. 108க்குப் போன் பண்ணிவிட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் அதற்குள் ஆறு பேர். தஞ்சாவூர் வரை போக வேண்டியதாயிற்று, பிழைத்துவிட்டார், இப்போது திண்ணையில் உட்கார்ந்து உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களை விட்டுவிட்டு என்னால் இனிமேல் போக முடியாது, அவ்வளவுதான். இது ஊர் மேல் ஆசை இல்லை, இரண்டு வயசானவர்கள் மேல் இருக்கிற கடமை. உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அண்ணனுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள், அங்கே இருப்பது அவருடைய சின்ன வயசு மட்டும்தான்.

அதனால் வீட்டை விற்காதே. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்ததிலிருந்து உங்கள் பக்கம் வாடகைக்கு ஆள் கிடைக்காமல் போகாது, மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே பூட்டிப் போடு. பாபநாசத்தில் வாடகைக்கே ஒரு வீடு பிடித்து ஆறு மாசம் இருந்து பாருங்கள், அதுவும் பொங்கலுக்குப் போகாதே, பொங்கலுக்கு எல்லா ஊரும் அழகாக இருக்கும், ஐப்பசி அடைமழையில் போய் இறங்கு. கொல்லையில் பாம்பு, துவைத்த துணி மூன்று நாளாக ஈரம், அப்போதும் அண்ணன் இதே பேச்சுப் பேசினால் யோசிக்கலாம். நிலம் வாங்குவதாக இருந்தால் பத்திரத்தில் உன் பெயரும் இருக்கட்டும். இதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, அப்புறம் என் கையால் காப்பி குடிக்கமாட்டார்.

என் பெண்ணை ஹாஸ்டலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயாமே, நீ கொடுத்த பருப்புப் பொடியை நான்கே நாளில் காலி பண்ணிவிட்டாளாம். படிப்பு முடிந்ததும் சென்னையிலேயே வேலை பார்ப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் ஓடியவள்தான். சரி என்று சொன்னேன்.

நீ முதலில் தனியாக வந்துவிட்டுப் போ. ராத்திரி தாம்பரத்தில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் மன்னார்குடி, இவரை வண்டியோடு ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன். வரும்போது ரங்கநாதன் தெருவில் பாக்கெட் வைத்த நைட்டி இரண்டு எடுத்து வாடி, டபுள் எக்ஸ்எல். இங்கே கிடைக்கிறதில் பாக்கெட் இல்லை, போன் வைக்க இடமில்லாமல் திண்டாடுகிறேன்.

உன்,
வசந்தி